நம்பி விட்டுப்போன பொருள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் வியாபாரச் சட்டம் எழுதிப் பத்திரிகையில் போட்டிருக்கிறேன். இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கும் அதிகம் பேர் நம்பவில்லை.

சட்டம் என் சொந்தச் சரக்கல்ல. ஜொகூர் பாருவில் ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம் இருபது வருஷம் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடையது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் வக்கீலைச் சிங்கப்பூரில் சிறை வைத்துவிட்டார்கள். ஆபீசில் ராணுவத்தார் சிமெந்து மூட்டை அடுக்கினார்கள். கிராணியார் நாலு தடித்த ஆங்கிலச் சட்டப் புத்தகங்களைக் கிழங்குச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, ஒரு சீனர் கடைக்குப் பின்னால் இருந்த பலகை அறைக்குக் குடிபோனார். மனைவி, மக்கள் யாழ்ப்பாணத்தில். அவர்களிடமிருந்து ஒரு வரி கிடையாது. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கே தின்று அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழும். பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்குக் கீழே அழுத்தி, அந்தக் குழி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சைக்கிள் வியாபாரி. பொந்தியானில் கருவாடு எடுத்து ஜொகூர் பாருவில் விற்பேன். அங்கே காய்ச்சிய துணி வெளுக்கும் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு வடக்கே சிகாமட் தோட்டங்கள் வரை போவேன். அதற்கு முன்னால் ரப்பர்ப் பால் வெட்டியிருக்கிறேன், லோரியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன், கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். எதிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். தண்ணீர்க் குழாய் ரப்பரை வெட்டிச் சக்கரத்தில் கம்பியால் கட்டியிருந்தேன். கல்லில் ஏறினால் பல் ஆடும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் அச்சான ஒரு தமிழ்ப் பத்திரிகை, தணிக்கைக்காரர்களுக்குச் சந்தேகம் வராத விஷயமாகத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது வாத்தியாரும் ஓவர்சியரும்கூட எதையாவது வாங்கி விற்றுத்தான் பிழைத்தார்கள். அதனால் சிறு வியாபாரிகளுக்குச் சட்டம் சொல்லும் பத்தி ஒன்று கேட்டார்கள். கிராணியார் எழுதினார். முதல் கட்டுரை வந்த பத்திரிகையை முடிவெட்டும் கடையில் நான் உரக்கப் படித்தேன். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்தினார்.

“இது தமிழா, மந்திரமா?”

“சட்டம்ணே.”

“அலாமாக்! தலைய வெட்டிக் கம்புல சொருகி ரோட்டுல வைக்கிறவன் ஊர்ல சட்டமாம் லா. அதுவும் ஒரு எழவும் புரியாத சட்டம்.”

கருவாடு கொடுக்கப் போனபோது இதைக் கிராணியாரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

“அப்ப நீர் எழுதும் பாப்பம்.”

இப்படித்தான் தொடங்கியது. அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார். எனக்குப் புரியும்வரை நான் கேட்பேன். புரிந்ததை எழுதுவேன். அவர் படித்துப் பார்த்து, சட்டம் கோணியிருந்தால் அடிப்பார். ஒரு கட்டுரைக்குப் பத்திரிகைக்காரர்கள் ஒரு பொட்டலம் அரிசி அனுப்புவார்கள். பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம். போகிற வழியில் சாலைக் கடைகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஜனங்களுடைய கேள்விகளைக் கேட்டு வருவதும் என் வேலையானது.

எங்களுக்குள் ஒரு விஷயத்தில் மட்டும் ஓயாத சண்டை. அவருடைய புத்தகங்களில் ஒவ்வொரு விதிக்கும் கீழே ஓர் உதாரணம் இருக்கும். உதாரணத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ‘அ’ என்பவர் ‘ஆ’ என்பவருக்கு ஒரு குதிரையை விற்கிறார், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் வழியில் பார்த்ததை வைத்து எழுதினேன். கூட்டு வியாபாரம் பற்றிய கட்டுரையில், படகு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து வாங்கி, பாயை ஒருவனும் துடுப்பை ஒருவனும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டதை எழுதினேன். முடிவெட்டும் கடையில் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள்.

“என்ன காணும் இது? ‘அ’ எண்டு போடச் சொன்னா நீர் கண்ணுக்கு மேலே தழும்புள்ள படகுக்காரனைப் போட்டிருக்கிறீர்.”

“‘அ’ன்னு போட்டா நம்ம ஆளு பக்கத்தத் திருப்பிருவான், ஐயா.”

“சட்டத்துக்கு முகம் இருக்கக் கூடாது. முகம் இருந்தா வாசிக்கிறவன் முகத்தைத்தான் பாப்பான்.”

தழும்பை அடித்தார். படகை விட்டுவிட்டார். எங்கள் வழக்கம் அப்படி. நான் நாலு போட்டால் அவர் ஒன்றை அடிப்பார். அந்த வெற்றியில் எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பொந்தியானில் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு காப்பிக்கடை இருந்தது. காப்பி என்று பெயர்தான். வறுத்த சோளத்தை இடித்துக் கொதிக்க வைத்த கறுப்புத் தண்ணீர். அதோடு அவித்த கிழங்கும் தேங்காய்த் துருவலும். கடையை நடத்தியவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். வேதக்காரர். தூணில் மாதா படம் இருக்கும். கணவர் லோரி டிரைவர். குண்டு விழுந்த வாரம் வண்டியோடு போனவர் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். கன்னிகாஸ்திரீகள் பள்ளியில் படித்தவர் ஆனபடியால், படகில் வரும் பத்திரிகையைத் தவறாமல் படிப்பார்.

“வாங்க பேப்பர்க்காரரே. அந்தப் படகுக்காரங்க ரெண்டு பேரும் கடைசியில சேந்தாங்களா இல்லியா? பாதியில விட்டுட்டீங்களே.”

“அது கதையில்லக்கா, சட்டம்.”

“அதான் கேக்குறேன். சட்டம் சேத்து வெச்சுச்சா இல்லியா?”

அன்று கடையில் வேறு ஆள் இல்லாதபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் ஒரு சாமானை நம்பி விட்டுவிட்டுப் போனால், வைத்திருப்பவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாமா?

“என்ன சாமான்?” என்றேன்.

“பேரு போடக் கூடாது.”

“மாதா மேல சத்தியமாப் போட மாட்டேன்.”

“மாதா மேல சத்தியம் வைக்க உங்களுக்கு என்ன பாத்தியதை? உங்க சாமி மேல வைங்க.”

முருகன் மேல் வைத்தேன். அவர் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனார். தேங்காய் மட்டைக் குவியலை விலக்கி, பலகையைத் தூக்கினார். உள்ளே மாவுச் சாக்கில் சுற்றிய ஐந்து மூட்டைகள். ஒவ்வொன்றிலும் தையல் மிஷினின் மேல்பாகம் மட்டும். ராணுவச் சட்டை தைக்க மிஷின்களைப் பிடுங்கிய நாளில், பக்கத்தில் கடை வைத்திருந்த தையல்காரர் திருகுகளைக் கழற்றித் தலைகளை மட்டும் இங்கே கொண்டு வந்து வைத்தாராம். பிறகு ரயில் பாதை போட அவரையே சயாமுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அவர் வீட்டாட்களை இந்தப் பெண் பார்த்ததேயில்லை. வடக்கே ஏதோ தோட்டம் என்று மட்டும் தெரியும்.

“உப்புக் காத்து, பாருங்க. துரு புடிக்குது. எண்ண போடலாமா? அப்புறம்...” கொஞ்சம் தயங்கினார். “எனக்கு மிஷின் தைக்கத் தெரியும். ஜன்னல் திரையையும் கொசுவலையையும் கொண்டாந்து சட்ட தைக்க ஆளு தேடுறாங்க. ஒண்ண மட்டும் எடுத்துத் தைச்சா இதுங்க ரெண்டுக்கும் ஒரு வேள சோறு ஆகும். தப்பா?”

“கேட்டுட்டு எழுதுறேன்” என்றேன். குறிப்பு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஐந்து தலை. மாவுச் சாக்கு. நடுவிலிருந்த மிஷினின் கைச்சக்கரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதையும் எழுதினேன். எதற்கு அந்த நூல் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கிராணியாருக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனது. இதற்கு இங்கிலீஷில் ஒரே வார்த்தை இருக்கிறது என்றார். தமிழில் ‘நிக்ஷேபம்’ என்று போடச் சொன்னார். நான் ‘நம்பி விட்டுப்போன பொருள்’ என்று போட்டேன். அடிக்கவில்லை. விதிகளைச் சொன்னார். வைத்திருப்பவர் தன் பொருளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்கும் என்றால் எண்ணெய் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் தனக்கென்று பயன்படுத்தக் கூடாது. சொந்தக்காரரோ அவருடைய ஆளோ வந்து கேட்டால் தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டு வந்தவர் வேற்றாளாக இருந்து, ஏமாந்து கொடுத்துவிட்டாலும், கொடுத்தவர்தான் பொறுப்பு. சொந்தக்காரருக்கு அவர் ஈடு செய்ய வேண்டும்.

நான் எழுதினேன். ஒரு கடலோர ஊர். படகுத்துறைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. ஐந்து தையல் மிஷின் தலைகள், மாவுச் சாக்கில் சுற்றியவை, ஒன்றின் சக்கரத்தில் சிவப்பு நூல். பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். அந்த நூல் என் மனதுக்குள் ரொம்பவும் அழகாக இருந்தது. அது இருந்தால் படிக்கிறவன் மறக்க மாட்டான் என்று நினைத்தேன்.

கிராணியார் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

“இது உண்மையில நடந்ததோ?”

“இல்லீங்க ஐயா. நானாக் கட்டுனது.”

“கட்டினதெண்டா சரி. உண்மையெண்டா எனக்கு வேற நாலு கேள்வி கேக்க இருக்கு.”

“கட்டுனதுதான்.”

ஏன் பொய் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உண்மை என்றால் நூலை அடித்துவிடுவார். அது ஒரு காரணம். அந்த நாலு கேள்விக்கும் பதில் கேட்டு வர மறுபடியும் பொந்தியானுக்கு மிதிக்க வேண்டும். அதுதான் பெரிய காரணம். நான் அன்றுதான் வந்து இறங்கியிருந்தேன். பின் சக்கரத்து ரப்பர் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை ஒரே தாளாக வந்தது. எங்கள் கட்டுரையில் பாதியைத்தான் போட்டிருந்தார்கள். ‘சொந்தக்காரரோ அவருடைய ஆளோ வந்து கேட்டால் தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்’ என்ற இடத்தில் வெட்டியிருந்தார்கள். மீதி பிறகு வரும் என்று ஆசிரியர் சீட்டு அனுப்பியிருந்தார். அச்சில் சிவப்பு நூல் இருந்தது. நான் அதை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுச் சவர்க்காரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே போனேன்.

சிகாமட்டில் ஆறு ஏறிவிட்டது. ரயில் நிற்கும் இடம் மட்டும்தான் மேட்டில் இருந்தது. கொண்டுபோன சவர்க்காரத்தில் பாதி கரைந்து போனது. அதோடு எனக்குக் காய்ச்சலும் வந்தது. ஒரு தோட்டத்து லயத்தில் யாரோ படுக்க இடம் கொடுத்தார்கள். கொய்னா மாத்திரை கிடையாது. காய்ச்சல் தானாக விட்டபோதுதான் எழுந்தேன். மறுபடி பொந்தியானுக்குப் போக ஒன்றரை மாதம் ஆகிவிட்டது.

கடையில் அந்த அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஓரத்துப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு. தோட்டத்துக்காரி என்று பார்த்தாலே தெரிந்தது. சேலைக்கு மேலே சாக்குத் துணியைப் போர்த்தியிருந்தாள்.

“என்ன, செத்துட்டீங்கன்னு நெனச்சேன். இங்க பாருங்க.” தூணில் மாதா படத்துக்குக் கீழே எங்கள் கட்டுரையை வெட்டி, கிழங்கு மாவுப் பசையில் ஒட்டியிருந்தார். “நீங்க போட்டபடிதான் செஞ்சேன். எண்ண மட்டும் போட்டேன். ஒண்ணையும் தொடல. கொடுமைய கேளுங்க, ஒரு கல்யாணத்துக்கு எட்டுச் சட்ட கொண்டாந்தாங்க. முடியாதுன்னு அனுப்பிட்டேன். எல்லாம் நல்லதுக்குத்தான். தையல்காரரோட மச்சினன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. பத்து நாளாச்சு. மாட்டு வண்டி கொண்டாந்தாரு. தாமதிக்காமக் குடுத்துட்டேன். இப்பத்தான் தலப்பாரம் எறங்குச்சு.”

பெஞ்சில் இருந்தவள் கிழங்கைக் கீழே வைத்தாள்.

“எந்தத் தையல்காரரு?” என்றாள்.

“இங்க பக்கத்துல கட வெச்சிருந்தவரு. உங்களுக்கு வேணுமா அவரு? சயாமுக்குப் போயிருக்காரு.”

“தெரியும். அங்க அவரு தவறிட்டாரு. கூட இருந்தவரு ஒருத்தரு தப்பிச்சு வந்து சொன்னாரு.” அவள் எழுந்து நின்றாள். ஆள் இல்லாத நேரத்தில் கடைக்காரம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளாம். இப்போது எல்லார் முன்னாலும், பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “அஞ்சு தல. மாவுச் சாக்கு. நடு மிஷின் சக்கரத்துல செவப்பு நூலு. இத யாரு சொல்றாங்களோ அவங்ககிட்டக் குடுங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்ததாச் சொல்லி அனுப்பியிருக்காரு. நான் அவரு சம்சாரம்.”

அக்காவின் கை, காப்பிச் சட்டியைப் பிடித்தபடி நின்றது.

“ஒங்க அண்ணன்தான் வந்தாரே” என்றார் மெதுவாக. “இதையேதான் சொன்னாரு. ஒரு வார்த்த மாறல. பேப்பர்ல பேரும் ஊரும் இல்லியேன்னு நான் சந்தேகப்படல.”

“எனக்கு அண்ணன் தம்பி யாரும் கெடையாது.”

அந்தச் சிவப்பு நூல் எதற்குக் கட்டப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தையல்காரருக்கு அடையாளச் சீட்டு எழுதப் படிப்பு இல்லை. எழுதினாலும் சோதனையில் மாட்டும். அதனால் வாயால் சொல்லும் மூன்று விஷயங்களையே சாவியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சாவியை நான் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறேன். தையல்காரரை அறிந்த எவனோ படித்திருக்கிறான். படகுத்துறைப் பக்கம் கடை வைத்திருக்கும் பெண்மணி யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

“அது என்ன ஒட்டியிருக்கு?” என்று அந்தப் பெண் தூணைக் காட்டிக் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அக்கா என்னைப் பார்த்தார். “நீங்க எழுதுனதுதானே. நீங்களே படிச்சுக் காட்டுங்க.”

படித்தேன். முழுவதையும் படித்தேன். சிவப்பு நூல் வந்த இடத்தில் அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. வெள்ளத்திலும் சேற்றிலும் நாலு நாள் நடந்து வந்திருந்தாள். அந்த ஐந்து மிஷினை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. ஒன்றை வைத்துக்கொண்டு நாலை விற்றுக்கொள்ளும்படி கணவர் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

“இப்ப சட்டம் என்ன சொல்லுது?” என்றார் அக்கா.

எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியை நான்தான் என் கையால் எழுதினேன். ஏமாந்து கொடுத்தாலும் கொடுத்தவர்தான் பொறுப்பு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“எனக்குச் சரியாத் தெரியலக்கா. ஜொகூர் பாரு போயி ஐயாகிட்ட கேட்டுட்டு வர்றேன். நாலஞ்சு நாளு பொறுங்க. அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க.”

“சீக்கிரம் வாங்க” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று வழியெல்லாம் நினைத்தேன்.

கிராணியாரின் அறையில் அந்த வாரத்துப் பத்திரிகை மேசைமேல் இருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே கண்ணில் பட்டது. இரண்டாம் பாதி வந்துவிட்டது. அவர் கால்களை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்திருந்தார். வீக்கம் தொடை வரை ஏறியிருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியதில்லை, உண்மை என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“பொருளை விட்டிட்டுப் போகேக்கை அந்த மனிசன் என்ன சொல்லிப்போட்டுப் போனவர்?”

“இந்த மூணையும் யாரு சொல்றாங்களோ அவங்ககிட்டக் குடுக்கச் சொன்னாராம்.”

“யார் சொன்னாலும்?”

“ஆமா.”

“அப்ப அவ பிழை ஒண்டுமில்லைக் காணும்.” குரல் எழும்பவில்லை. “சொந்தக்காரன் ஒரு அடையாளத்தைச் சொல்லி, அந்த அடையாளத்தோட வாறவனிட்டைக் குடு எண்டு சொல்லிப் போயிருக்கிறான். அவ அந்தப்படி, நல்லெண்ணத்தோட குடுத்திருக்கிறா. எந்த நீதவான் கோட்டிலையும் அவளைப் பொறுப்பாக்கேலாது. அண்டைக்கு நான் கேக்க இருந்த முதல் கேள்வியே இதுதான். உண்மையெண்டு சொல்லியிருந்தீரெண்டா கேட்டிருப்பன். நீர் போய் விசாரிச்சிருப்பீர். இந்த விதிவிலக்கை எழுதியிருப்பம். நூலையும் அடிச்சிருப்பன்.”

நான் மேசைமேல் இருந்த பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உமக்கு விசரே? ஏன் நிக்கிறீர்? அவ இதை வாசிக்கிறதுக்கு முன்னம் போம்.”

பத்திரிகை பொந்தியானுக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். முந்திவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில் பின் சக்கரம் வளைந்துவிட்டது. தள்ளிக்கொண்டு நடந்தேன். மறுநாள் ஒரு சோதனைச் சாவடியில் பிடித்து, ரோட்டில் விழுந்த குழிகளை மூட நிறுத்தினார்கள். என்னைப் போல் இருபது பேர். ஒரு பகல் முழுக்க மண் சுமந்தேன். அவசரம் என்று அங்கே யாரிடம் சொல்ல முடியும்? குனிந்து வணங்கிவிட்டுச் சுமக்க வேண்டியதுதான். சைக்கிளை வைத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது காப்பிக்கடை திறந்திருந்தது. அடுப்பில் சட்டி இருந்தது. சட்டிக்கு முன்னால் தையல்காரரின் மனைவி நின்றாள்.

“அவங்க போயிட்டாங்க” என்றாள் நான் கேட்பதற்கு முன்னாலேயே. “நேத்துச் சாயங்காலம் பேப்பரு வந்துச்சு. படிச்சாங்க. ரெண்டு தடவ படிச்சாங்க. அப்புறம் எனக்கும் படிச்சுக் காட்டுனாங்க. ஏமாந்து குடுத்தாலும் குடுத்தவங்கதான் ஈடு செய்யணும்னு போட்டிருக்காமே? இந்தக் கடையும் சட்டி பானையும்தான் எங்கிட்ட இருக்கு, எடுத்துக்கன்னு சாவியக் கையில வெச்சாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன், அண்ணே. ஒக்காந்து சேந்து பாப்போம்னும் சொன்னேன். கேக்கல. சட்டத்துல அப்படி இல்லன்னுட்டாங்க.”

“எங்க போனாங்க?”

“தெரியல. புள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டுப் படகுல போனாங்க.”

தூணில் மாதா படம் இல்லை. அதை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார். முதல் பாதிக்குக் கீழே இரண்டாம் பாதியும் ஒட்டியிருந்தது. பசை இன்னும் முழுக்கக் காயவில்லை.

கிராணியார் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். சொல்லத்தானே வந்தேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் மாறியது. சட்டியிலிருந்த அகப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நான் இந்தக் கடையத் திருப்பிக் குடுக்கணுமா?”

அவளும் எல்லாம் இழந்த ஒருத்தி. நாலு நாள் நடந்து வந்தவள். போட்டிருந்த சாக்குத் துணியைத் தவிர ஒன்றும் இல்லாதவள். அவளுடைய மிஷின்கள் பறிபோகக் காரணமானவனும் நான்தான்.

“அவங்க வந்தா அப்ப பாத்துக்கலாம்” என்றேன். அது சட்டமில்லை. என் வாயில் வந்தது, அவ்வளவுதான். அவள் எனக்குக் கிழங்கு வைத்தாள். தின்றேன். பசியாக இருந்தது.

பத்து நாட்களுக்கு மேல் தேடினேன். கரையோரத் தென்னந்தோப்புகளில் கேட்டேன். மாதா கோயில்களில், பாதிரிச் சாமியார்களிடம் விசாரித்தேன். இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு தமிழ்ப் பெண் என்றால், அந்த வருஷத்தில் அப்படி எத்தனையோ பேர் அலைந்துகொண்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. சண்டை முடிந்த பிறகும் கேட்டிருக்கிறேன்.

ஜொகூர் பாரு திரும்பியதும் கிராணியார் அந்தக் கட்டுரைக்கு மூன்றாம் பகுதி ஒன்றைச் சொல்ல, நான் எழுதினேன். அந்த விதிவிலக்கைப் பற்றியது. ‘அ’ என்பவர், ‘ஆ’ என்பவர், ஒரு பொருள், ஓர் அடையாளம். வேறு ஒன்றும் போடவில்லை. அவர் அடிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பினோம். காகிதம் இல்லை என்று அது வெளிவரவேயில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கிராணியார் இறந்துவிட்டார். புத்தகங்களைச் சீனர் கடைக்காரர் பொட்டலம் மடிக்க எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

அந்த வருஷங்களில் சட்டத்தை யாரும் மதித்ததாக எனக்கு நினைவில்லை. ஆண்டவர்களும் மதிக்கவில்லை, ஆளப்பட்ட நாங்களும் மதிக்கவில்லை. நான் கடத்திய சரக்கெல்லாம் சட்டத்துக்கு விரோதம்தான். தாளில் வந்ததைப் பார்த்து, அதன்படி தன் கடையையே காலி செய்துகொண்டு போனவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்.

அதனால் வெளிவராத அந்த மூன்றாம் பகுதியை இங்கே போட்டுவிடுகிறேன். ‘அ’ என்பவர் தம் பொருளை ‘ஆ’ என்பவரிடம் நம்பி விட்டுச் செல்கிறார். இன்ன அடையாளம் சொல்பவரிடம் கொடுக்கும்படி சொல்லிச் செல்கிறார். அந்த அடையாளத்தைச் சொன்னவரிடம் ‘ஆ’ என்பவர் நல்லெண்ணத்தோடு கொடுத்துவிட்டார் என்றால், வந்தவர் வேற்றாளாக இருந்தாலும் ‘ஆ’ பொறுப்பல்ல. அவர் ஈடாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

அக்கா, நீங்கள் கடையைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.